செவ்வாய்க் கல்லு... கிராம் என்ன விலை?

கோடிகளில் ஏலம், பாலைவனத்தில் வேட்டை... நடுவில் தவிக்குது விஞ்ஞானம்!

ஒரே ஒரு கல். எடை 24.67 கிலோ. விலை சுமார் 45 கோடி ரூபாய். வாங்குவீங்களா?

‘போய்யா... அந்தக் காசுக்கு எங்க ஊர் மலையையே எழுதிக் கொடுக்கிறேன்’னு நீங்க சிரிக்கலாம். ஆனா, ஒருத்தர் நிஜமாவே வாங்கினார். 2025 ஜூலை 16-ம் தேதி, நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் வரி, கமிஷன் எல்லாம் சேர்த்து சுமார் 53 லட்சம் டாலருக்கு அந்தக் கல் போச்சு. கணக்குப் போட்டா, கிராமுக்கு 200 டாலருக்கும் மேலே. அன்றைக்குத் தங்கம் விற்ற விலையைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு! வாங்கினவர் யார்? பேர் சொல்ல மாட்டாங்களாம். கல் எங்கே இருக்கு? அதுவும் வாங்கினவருக்கே வெளிச்சம்.

அப்படி என்னதான் இருக்கு அந்தக் கல்லில்? பாஸ், அது பூமியில் பிறந்த கல்லே இல்லை. செவ்வாய் கிரகத்தின் மேல் எப்பவோ ஒரு பெரிய விண்பாறை மோதியதில் பிய்ந்து, தூக்கி வீசப்பட்டு, விண்வெளியில் அலைந்து, கடைசியில் ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் வந்து விழுந்தது. 2023 நவம்பரில் கண்டுபிடிச்சாங்க. பேர்: என்.டபிள்யூ.ஏ. 16788. இதுவரை பூமியில் கிடைத்த செவ்வாய்க் கற்களிலேயே இதுதான் பெருசு. அடுத்த இடத்தில் இருப்பதைவிட 70 சதவிகிதம் அதிக எடை.

உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கும் விண்கற்கள் 77 ஆயிரத்துக்கும் மேல். அதில் செவ்வாயிலிருந்து வந்தது சுமார் 400 மட்டும்தான். இதுவரை எந்த ராக்கெட்டும் செவ்வாய் மண்ணை ஒரு சிட்டிகைகூடப் பூமிக்குக் கொண்டுவரலை. ஆக, செவ்வாயைக் கையில் தொட்டுப் பார்த்து ஆராய்ச்சி பண்ணணும்னா இந்தக் கற்களை விட்டா வேற வழியே இல்லை.

‘இது செவ்வாய்க் கல்னு எப்படிப்பா அடிச்சுச் சொல்றே?’ன்னு கேட்டா, நல்ல கேள்வி. 1976-ல் வைகிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி, அங்கே காற்றில் என்னென்ன வாயு எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்லிச்சு. அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு கல்லை 1983-ல் ஆராய்ஞ்சு பார்த்தா, உள்ளே கண்ணாடி மாதிரிப் பகுதியில் சிக்கியிருந்த வாயுவும் அதே கலவை. மேட்டர் ஓவர்! இன்னொரு விஷயம் தெரியுமா? செவ்வாய்க் கற்களில் அதிகம் கிடைக்கும் வகைக்கு ‘ஷெர்கோட்டைட்’னு பேர். 1865 ஆகஸ்ட் 25-ம் தேதி நம்ம பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் விழுந்த கல்லால் வந்த பேர் அது. உலகத்தில் எந்த மூலையில் எந்த விஞ்ஞானி செவ்வாய்க் கல்லைப் பத்திப் பேசினாலும், நம்ம பீகார் ஊர் பேரைச் சொல்லித்தான் ஆகணும்!

கல்லு கொடுத்த கனவான்கள்

சரி, காசுள்ளவன் வாங்கி அலமாரியில் பூட்டி வெச்சா விஞ்ஞானத்துக்கு நஷ்டம்தானே... இதில் என்ன பெரிய விவாதம்? அவசரப்படாதீங்க. இந்தக் கதையில் வில்லன்னு ஒருத்தரைச் சட்டுனு கை காட்ட முடியாது.

சஹாரா பாலைவனத்தை நினைச்சுப் பாருங்க. லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் மணல். அதில் ஒரு கறுப்புக் கல்லைத் தேடி எந்தப் பேராசிரியர் போவார்? அவருக்கு லீவு கிடைக்காது, கிடைச்சாலும் நிதி கிடைக்காது. போறது யார்னா, ஒட்டகமும் ஆடும் மேய்க்கிற நாடோடி மக்கள். வித்தா காசு வரும்னு தெரிஞ்ச பிறகுதான் அவங்க கற்களைப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. அவங்ககிட்ட வியாபாரி வாங்கி, வியாபாரிகிட்ட சேகரிப்பாளர் வாங்கி, அங்கிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு துண்டு வருது. காசு இல்லைன்னா அந்தக் கல்லெல்லாம் இன்னமும் மணலில்தான் கிடக்கும்.

உதாரணம், ‘பிளாக் பியூட்டி’. நம்ம பாஷையில் கறுப்பழகி. 320 கிராம் எடை. மொராக்கோ வியாபாரிகிட்ட இருந்து ஒரு அமெரிக்க சேகரிப்பாளர் 2011-ல் வாங்கி, நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதுவரை தெரிஞ்ச எந்த செவ்வாய்க் கல்லோடும் ஒத்துப்போகாமல் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பியடித்தது அந்தக் கல். கடைசியில் 2013 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. செவ்வாய்க் கல்தான், ஆனா புது ரகம். மற்ற செவ்வாய்க் கற்களைவிடப் பத்து மடங்கு அதிக நீர் அதில் இருக்கு. இதே கல்லின் இன்னொரு துண்டில் இருந்த ஸிர்கான் படிகங்களின் வயசு சுமார் 440 கோடி வருஷம்! செவ்வாய் பச்சைக் குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ மாதிரி. அந்த போட்டோவை நமக்குக் கொடுத்தது ஒரு தனியார் சேகரிப்பாளர்.

இன்னும் பின்னாடி போனா, ஹார்வி நினிங்கர்னு ஒருத்தர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் உயிரியல் வாத்தியார். 1923 நவம்பரில் வானத்தில் ஒரு நெருப்புப் பந்து போவதைப் பார்த்தார். அன்னிக்குப் பிடிச்ச பித்து, சாகும்வரை விடலை. ஊர் ஊராகப் போய் விவசாயிகளைக் கூப்பிட்டுப் பேசுவார். ‘உங்க வயலில் உழும்போது இந்த மாதிரிக் கல் வந்தா கொண்டு வாங்க, காசு தர்றேன்’னு சொல்வார். சிரிச்சவங்கதான் அதிகம். ஆனா, அவர் சேர்த்த குவியலில் ஒரு பகுதியை 1958-ல் பிரிட்டிஷ் மியூசியமும், இன்னொரு பகுதியை 1960-ல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் வாங்கின. அந்தப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற விண்கல் ஆய்வு மையத்துக்கு அஸ்திவாரம் அந்த வாத்தியார் சேர்த்த கற்கள்தான்.

காந்தம் பண்ணின காரியம்

இனி நாணயத்தின் மறுபக்கம். அதே கறுப்பழகியை எடுத்துக்குவோம்.

விண்கல் வேட்டைக்காரங்க பையில் எப்பவும் ஒரு பொருள் இருக்கும். காந்தம்! விண்கற்களில் பெரும்பாலும் இரும்பு இருக்கும் என்பதால், சந்தேகப்படும் கல்லில் காந்தத்தை வெச்சுப் பார்ப்பாங்க. ஒட்டினா சந்தோஷம். பல வருஷமா நடக்கிற சாதாரண டெஸ்ட்தான். அதில் என்ன தப்பு?

இருக்கு. பாறை உருவாகி ஆறும்போது, அந்த நேரத்தில் அந்தக் கிரகத்தில் இருக்கும் காந்தப் புலத்தைத் தன்னுள்ளே பதிவு பண்ணிக்கும். பழைய கேசட்டில் பாட்டு பதிவாகிற மாதிரின்னு வெச்சுக்குங்க. இன்னிக்கு செவ்வாய் முழுமைக்குமான காந்தப் புலம் கிடையாது. ஆனா ஆரம்ப காலத்தில் இருந்தது. அது எப்போ நின்னது, காற்றும் தண்ணீரும் போனதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு, ஒரு காலத்தில் அங்கே உயிர் வாழ வழி இருந்ததா... எல்லாக் கேள்விக்கும் இந்தக் காந்தப் பதிவில் துப்பு இருக்கலாம். பூமியில் நம்மகிட்ட இருக்கும் செவ்வாய்க் கற்களில் அவ்வளவு பழைய பதிவைத் தாங்கி வந்திருக்கக்கூடிய அபூர்வக் கல், கறுப்பழகி.

கேசட்டை ஸ்பீக்கர் காந்தம் பக்கத்தில் வெச்சா என்ன ஆகும்? பாட்டு காலி. அதேதான் நடந்திருக்கு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் சோதித்த கறுப்பழகித் துண்டுகளில் செவ்வாயின் காந்தப் பதிவு அழிஞ்சுபோயிருப்பதைக் காட்டினாங்க. காரணம், பொறுக்கியவங்களோ விற்றவங்களோ கையில் பிடித்து வெச்சுப் பார்த்த காந்தம்! நூறு கோடிக்கணக்கான வருஷம் தாங்கின பதிவு. ரெண்டு கிரகத்துக்கு நடுவே பயணம் பண்ணியும் அழியாத பதிவு. சாதாரணக் காந்தம் ஒண்ணு சில நொடியில் துடைச்சுப் போட்டது. இனி எத்தனை கோடி கொடுத்தாலும் அது திரும்ப வராது. இத்தனைக்கும், கல்லைக் கெடுக்காமல் அதே சோதனையைச் செய்ய கையடக்கக் கருவிகள் இருக்கு.

யார் மேல தப்பு சொல்றது? பாலைவனத்தில் வயித்துப்பாட்டுக்குக் கல் பொறுக்குற மனுஷனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையே!

விலாசம் தொலைந்த கற்கள்

அடுத்த பிரச்னை, விலாசம். என்.டபிள்யூ.ஏ. என்றால் ‘வடமேற்கு ஆப்பிரிக்கா’னு அர்த்தம். அவ்வளவுதான் பேர்! எந்த ஊர், எந்த மணல்மேடு... எதுவும் கிடையாது. பொறுக்கியவர் இடத்தைச் சொன்னா போட்டிக்கு ஆள் வந்துடும் என்பதால் சொல்ல மாட்டார். நாலு கை மாறி வருவதற்குள் யாருக்கும் தெரியாது. இதனால் ஒரே கல் உடைஞ்ச துண்டுகள் வெவ்வேறு வியாபாரிகள் வழியாக வந்து, வெவ்வேறு நம்பர் வாங்கியிருக்கு. கறுப்பழகியின் உறவுக்காரங்களே இப்படிப் பல நம்பர்களில் சிதறிக் கிடக்கிறாங்க.

இதுக்கு நேர் எதிர், ஓமன். அங்கே 2001-லிருந்து சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்களும் ஓமன் அரசும் சேர்ந்து, ஒவ்வொரு கல்லும் கிடந்த இடத்தைக் குறிச்சு வெச்சு எடுக்கிறாங்க. அண்டார்டிகாவிலும் அப்படித்தான். 1976-லிருந்து அமெரிக்கக் குழு மட்டுமே 20 ஆயிரத்துக்கு மேல் எடுத்திருக்கு. கைபடாமல் எடுத்து, குளிரிலேயே வெச்சு, ஆராய்ச்சிக்கு இலவசமாகக் கொடுக்கிறாங்க. ஒரு துண்டுகூட விற்பனைக்கு இல்லை.

மூணாவது பிரச்னை, அளவு. புதுசா ஒரு விண்கல்லை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யணும்னா ஒரு விதி இருக்கு. அதன் எடையில் 20 சதவிகிதம் அல்லது 20 கிராம், இதில் எது குறைவோ அதை ஓர் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஒப்படைக்கணும். சின்னக் கல்லுக்கு இது ஓகே. ஆனா, நம்ம 24.67 கிலோ செவ்வாய்க் கல்லுக்கு? 20 கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இதைவிட வயித்தெரிச்சல் சோமாலியாவில் நடந்தது. எல் அலி என்ற ஊர்ப்பக்கம் 15 டன் எடையுள்ள இரும்பு விண்கல் ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. ஒட்டகம் மேய்ப்பவங்களுக்கு அது அடையாளக் கல். அவங்க பாட்டிலும் கவிதையிலும்கூட அதுக்கு இடம் உண்டு. 2020-ல்தான் அது விண்கல் என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆய்வுக்காக வந்தது வெறும் 70 கிராம் துண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் அதை ஆராய்ந்தபோது, இயற்கையில் அதுவரை யாருமே பார்க்காத ரெண்டு புதுக் கனிமங்கள் கிடைச்சதாக 2022 நவம்பரில் அறிவிச்சாங்க. 70 கிராமிலேயே ரெண்டு! மீதி 15 டன்னில் என்ன இருக்கும்? கேட்கலாம்... ஆனா, கல்லு அங்கே இல்லை. வாங்க ஆள் தேடி சீனாவுக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு செய்தி வந்தது.

மழைக்கு முன்னாடி ஓடு!

சில விண்கற்களுக்கு மழைதான் முதல் எதிரி. கார்பன் அதிகமுள்ள ரகம், களிமண் மாதிரி. அதில்தான் அமினோ அமிலம் மாதிரியான, உயிரின் மூலப்பொருட்கள் இருக்கும். ஒரு மழை பெய்தால் பாதி விஷயம் கரைஞ்சு போயிடும்.

2019 ஏப்ரல் 23-ம் தேதி கோஸ்டாரிகாவில் அகுவாஸ் ஸார்காஸ் என்ற ஊரில் இந்த ரகக் கல் விழுந்தது. ஒரு துண்டு, நாய்க்கூண்டின் கூரையைப் பொத்துக்கிட்டு இறங்கியது. உள்ளே இருந்த நாய் எஸ்கேப்! செய்தி தெரிஞ்சதும் வியாபாரிகள் விமானம் பிடிச்சு வந்து இறங்கிட்டாங்க. ஊர் மக்கள் ஓடி ஓடிப் பொறுக்கினாங்க. விளைவு, மழை வரும் முன்னே சுமார் 11 கிலோ பத்திரமாகக் கிடைச்சது. அதில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. காசு ஆசை இல்லைன்னா அவ்வளவு வேகம் வந்திருக்குமா? சந்தேகம்தான். அந்த ஓட்டை விழுந்த நாய்க்கூண்டுகூட 2022-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 44,100 டாலருக்குப் போச்சு. நாய்க்கு என்ன கொடுத்தாங்கன்னு தெரியலை!

காசு இல்லாமலும் வேகம் வரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021 பிப்ரவரி 28-ம் தேதி இங்கிலாந்தில் வின்ச்கோம் என்ற ஊரில், ஒரு வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் கல் விழுந்து தூள் தூளானது. அந்தக் குடும்பம் விடிஞ்சதும் அதைப் பையில் அள்ளி வெச்சு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துட்டாங்க. விழுந்து 12 மணி நேரத்துக்குள் சேகரிச்ச அந்தத் துண்டுகளில் இருந்த நீர், நம்ம பூமியின் நீரோடு ஒத்துப்போனது. கடல் நிரம்பின கதையில் விண்கற்களுக்கும் பங்கு உண்டு என்ற வாதத்துக்கு அது ஒரு முக்கிய சாட்சி.

இதன் மதிப்பு புரியணுமா? பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாஸா 2023 செப்டம்பரில் கொண்டுவந்து இறக்கிய மண், 121.6 கிராம். அதுக்கான திட்டத்தின் செலவு 100 கோடி டாலருக்கும் மேல். வின்ச்கோமில் வானமே வீட்டுக்கு வந்து டெலிவரி கொடுத்தது!

யாருக்குச் சொந்தம்?

இதுதான் பாஸ், கோடி ரூபாய் கேள்வி. வானத்திலிருந்து விழுந்ததுக்கு யார் ஓனர்?

நாட்டுக்கு நாடு பதில் வேற. அமெரிக்காவில் நிலத்துக்காரருக்குச் சொந்தம். அர்ஜென்டினா 2007-ல் சட்டம் போட்டு, விண்கற்களைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்து ஆக்கிடுச்சு. கனடாவில் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தச் சட்டம் இருப்பதால்தான் 2000-ம் வருஷம் அங்கே டேகிஷ் ஏரியின் பனியில் விழுந்த அருமையான கல் உள்நாட்டு அருங்காட்சியகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கிடைச்சது. பொறுக்கிய உள்ளூர்க்காரரும் கில்லாடி. கையால் தொடாமல் சுத்தமான பிளாஸ்டிக் பையில் எடுத்து, உருகாமல் ஃப்ரீஸரில் வெச்சார். 2006-ல் நியாயமான விலைக்கு விற்றார். அவருக்கும் காசு, விஞ்ஞானத்துக்கும் கல்!

நைஜர் கல்லின் ஏலம் முடிந்ததும் அந்த நாட்டு அரசு விழிச்சுக்கிட்டது. ‘இது எப்படி எங்க நாட்டை விட்டுப் போச்சு?’ன்னு விசாரணை அறிவிச்சு, விண்கல் ஏற்றுமதியையே நிறுத்தி வெச்சது. எல்லாம் முறைப்படிதான் வந்ததுன்னு ஏல நிறுவனம் சொன்னது. ஆனா, முழுசா தடை போட்டா மட்டும் தீர்ந்துடுமா? வித்தா ஜெயில்னு சொன்னா பொறுக்குறவர் பொறுக்காமல் விடுவார், இல்லைன்னா கடத்துவார். ரெண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். பொறுக்கியவருக்கு நியாயமான பங்கு, கல்லுக்கு ஒரு விலாசம், ஆராய்ச்சிக்கு ஒரு நல்ல துண்டு... இந்த மூணையும் ஒண்ணா உறுதிப்படுத்தும் நாடுதான் ஜெயிக்கும்.

நம்ம ஊரில்?

இந்தியாவில் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு ஜி.எஸ்.ஐ. எனும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கு. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் போனா, விண்கல் கூடத்தை மிஸ் பண்ணாதீங்க. 2017-ல் ஜெய்ப்பூர் பக்கம் முகுந்த்புராவில் கார்பன் ரகக் கல் ஒன்றும், 2022-ல் குஜராத்தில் தியோதர் பக்கம் ஆப்ரைட் என்ற அபூர்வ ரகமும் விழுந்து ஆராய்ச்சிக்குப் போயிருக்கு. தமிழ்நாட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் உண்டு. 1886-ல் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தில் நம்மியந்தல் என்ற ஊரில் விழுந்த கல், உலகப் பட்டியலில் அதே ஊர்ப் பேரில் இருக்கு.

ஒரு எச்சரிக்கை. நம்ம ஊரில் ‘இரிடியம் கலசம்’, ‘ரைஸ் புல்லிங்’னு கோடிக்கணக்கில் ஏமாத்துற கோஷ்டிகள் உண்டு. ‘வானத்திலிருந்து விழுந்த கல், வெளிநாட்டில் ஆள் ரெடி’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தா, பிளாக் பண்ணிட்டு படிக்கிற வேலையைப் பாருங்க!

கல் கிடைச்சா கவனிங்க!

* காந்தத்தை வெக்காதீங்க. இதை ஃப்ரெண்ட்ஸ் பத்துப் பேருக்காவது சொல்லுங்க.
* தொடும் முன்னே, கிடந்த இடத்திலேயே போட்டோ எடுங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைங்க. செல்போனில் இடத்தைக் குறிச்சுக்குங்க. விலாசம் போனா பாதி மதிப்பு போச்சு.
* வெறும் கையால் தொடாமல் சுத்தமான பிளாஸ்டிக் பையில் எடுங்க. கழுவாதீங்க, உடைக்காதீங்க, மஞ்சள் குங்குமம் வேண்டவே வேண்டாம்!
* மெல்லிய கறுப்புத் தோல், கைக்கு எதிர்பாராத கனம்... இது நல்ல அறிகுறி. உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தா பெரும்பாலும் அது இரும்பாலைக் கழிவுக் கட்டி.
* பக்கத்துக் கல்லூரி ஜியாலஜி பேராசிரியரிடம் காட்டுங்க, ஜி.எஸ்.ஐ.க்குத் தகவல் கொடுங்க.

கல்லைத் தேடுவதையே வேலையாக்கிக்கணும்னு ஆசையா? வழி இருக்கு. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஜியாலஜி இருக்கு. ஜி.எஸ்.ஐ.யில் சேர யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானிகளுக்கான தேர்வு உண்டு. ஆராய்ச்சிதான் லட்சியம்னா அகமதாபாத் பி.ஆர்.எல். உங்களுக்காகக் கதவைத் திறந்து வெச்சிருக்கு. மொராக்கோவில் ஹஸ்னா சென்னவி என்ற பேராசிரியை, 2011-ல் தன் நாட்டில் டிஸ்ஸிண்ட் பக்கம் விழுந்த செவ்வாய்க் கல்லைத் தேடிப் போய், அடுத்த வருஷமே ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயராக நின்றார். எங்க ஊரில் விழுந்த கல்லை நாங்களே படிப்போம் என்ற வைராக்கியம்!

கல்லை வாங்கக் கோடீஸ்வரனாக இருக்கணும். ஆனா, அது சொல்ற கதையைப் படிக்க மாணவனாக இருந்தாப் போதும். ரெண்டாவது தகுதி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கே... அப்புறம் என்ன?